பழைய தலைவரும் புதிய கம்பெனியும்

உத்தியோகத்தில் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள் நம்மிற் பலர்க்கும் நேர்வதோர் இக்கட்டு உண்டு. நமக்குத் தொழில் பயிற்றி, பிழை கண்டவிடத்துப் பொறுத்து, மேலிடத்தில் நமக்காகப் பரிந்து பேசிய தலைவர் வேறொரு கம்பெனிக்குச் செல்கின்றார். சில திங்கள் கழித்து, "நீயும் வந்துவிடு" என்று அழைக்கின்றார். போவதா, இருப்பதா?

இத்தகைய அழைப்புக்கு இசைந்து உயர்ந்தாரும் உளர். அமெரிக்காவில் பேர்சைல்டு செமிகண்டக்டர் என்னும் கம்பெனியின் ஆராய்ச்சிப் பகுதியில் கார்டன் மூர் என்பார் தலைவராயிருக்க, ஆண்ட்ரு குரோவ் அவர்க்குக் கீழ்ப் பணிபுரிந்தார். 1968-ஆம் ஆண்டில் மூர், ராபர்ட் நாய்சுடன் கூடி இன்டெல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது குரோவும் உடன் சென்றார். 1987-இல் அதன் தலைமை நிர்வாகியும் ஆனார். எனினும் அவர் பின்பற்றியது மூரை மாத்திரமன்று. தாம் முன்னரே கற்றுத் தேர்ந்த தொழிலையுமாம்.

மற்றொரு வரலாறும் உண்டு. 1985-இல் ஆப்பிள் கம்பெனியை விட்டு நீங்கிய ஸ்டீவ் ஜாப்சுடன் ஐவர் சென்றனர். தன் இரகசியங்களைப் பயன்படுத்த முற்பட்டதாக ஆப்பிள் வழக்கிட, அது மறு ஆண்டில் சமாதானமாய் முடிந்தது. அவர்கள் அமைத்த நெக்ஸ்ட் கம்பெனியோ 1993-இல் கணிப்பொறி செய்வதையே நிறுத்த நேர்ந்தது. தலைவரின் ஆற்றல் ஒன்றே தொழிலைத் தாங்காது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, நாம் ஆராயத்தக்கன மூன்று. முதலாவது, பழைய இடத்தில் அவர் நமக்குச் செய்த நன்மை அவர் குணத்தினால் மட்டுமன்றி, அங்கு அவர்க்கிருந்த செல்வாக்கினாலும் விளைந்தது. புதிய இடத்தில் அவரும் புதியவரே. இரண்டாவது, ஓராண்டில் அவர் அவ்விடத்தையும் விட்டு நீங்குவாராயின், அவ்வேலை நமக்கு ஏற்றதாயிருக்குமோ? 'இவர் அவருடைய ஆள்' என்னும் பெயர் மட்டும் நமக்கு எஞ்சுமோ? மூன்றாவது, பதவியும் சம்பளமும் எழுத்தில் வந்தனவோ? வாய்ச்சொல்லை நம்பி இருக்கும் வேலையை விடுதல் ஆகாது.

சட்டத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. வேலையை விட்டபின் வேறிடத்தில் அத்தொழிலைச் செய்யலாகாது என்னும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆயினும் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவேற்றுதலும், பழைய கம்பெனியின் இரகசியங்களைக் காத்தலும் நம் கடமையாம்.

இவையனைத்தும் தெளிந்த பின்னரும் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. 'மறுத்தால் நன்றி கெட்டவராவோமோ' என்னும் அச்சமே அது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை அறத்துப்பாலிலும், தெரிந்து செயல்வகையைப் பொருட்பாலிலும் வைத்தார். நன்றி மறவாமை வேறு. வினையை ஆராய்ந்து தொடங்குதல் வேறு. ஒன்றற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டுவதில்லை. வேலை நன்றாயிருப்பின் மகிழ்ந்து செல்வோம். அன்றாயின், நேரிற் சென்று வணங்கி, காரணம் கூறி மறுப்போம். நமக்கு ஆராயக் கற்பித்தவர் அவரேயாயின், நம் ஆராய்ச்சியின் முடிவை அவர் வெறுக்கமாட்டார். வெறுப்பாராயின், அவரைப் பின்பற்றாமைக்கு அதனினும் தக்க காரணம் வேறு வேண்டுவதில்லை.