இரத்த–மூளைத் தடுப்பும் மூளையின் மின்னலைகளும்

இரத்த–மூளைத் தடுப்பு என்பது மூளையின் நுண்குழாய்ச் சுவர்தான். உடலின் பிற இடங்களில் இச்சுவரின் செல்களுக்கிடையே சிறு இடுக்குகள் உண்டு. மூளையில் அச்செல்கள் இறுகப் பிணைந்திருக்கும். பிராணவாயு எளிதில் கடக்கும். குளுக்கோஸுக்குத் தனி வாயில் உண்டு. பெரும்பாலான மருந்துகளும் கிருமிகளும் வெளியே நிற்கும். 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திய சாயம் மற்ற உறுப்புகளில் ஏறியது, மூளையில் ஏறவில்லை. 1913இல் எட்வின் கோல்ட்மன் சாயத்தைத் தண்டுவட நீரில் செலுத்தினார். அப்போது மூளை நிறம் மாறியது. இடையில் ஒரு தடுப்பு இருப்பது அதனால் உறுதிப்பட்டது.

கசிந்தால் என்ன ஆகும்?

தலைக்காயம், பக்கவாதம், நீண்ட வலிப்பு, முதுமை ஆகியவற்றில் தடுப்பு கசியக்கூடும். அப்போது இரத்தப் புரதமான அல்புமின் மூளைக்குள் நுழைகிறது. நரம்புச் செல்களைச் சுற்றியிருக்கும் விண்மீன் வடிவத் துணைச் செல்கள் அதை உள்வாங்கியதும் தம் வேலையில் தளர்கின்றன. மிஞ்சிய பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் அகற்றுவது அவற்றின் பொறுப்பு. அது குறைந்தால் நரம்புச் செல்கள் எளிதில் கிளர்ந்தெழும். இரத்தக்குழாயில் தொடங்கிய கோளாறு மின்னலையில் தெரிவதற்கு வழி இதுதான்.

மெல்ல அசையும் அலைகள்

மூளையின் மின்னோட்டத்தைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்று 1929இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டார். இன்றைய ஈ.ஈ.ஜி. அதன் வழிவந்தது. கண் மூடி விழித்திருக்கும் வளர்ந்தவருக்கு 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை மேலோங்கும்.

இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தின் அலோன் ஃபிரீட்மன், பெர்க்லியின் டேனியேலா காஃபர் ஆகியோர் பங்கேற்ற ஆய்வு 2019இல் வெளியானது. அல்சைமர், வலிப்பு நோயாளிகளின் பதிவுகளில், அலைவேகம் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிச் சில நொடிகள் நீடித்து மீளும் நிகழ்வுகள் அடிக்கடி தென்பட்டன. இளம் எலிகளின் மூளை அறைகளில் அல்புமினைச் செலுத்தியபோதும் இதே நிகழ்வுகள் தோன்றின. இந்தக் கண்டுபிடிப்பின் வலுவான பகுதி இந்த எலிச் சோதனையே. காரணத்தை நேரடியாகத் தொட்டுக் காட்டுவது அதுதான்.

ஃபின்லாந்திலிருந்து வந்த சான்று வேறு வகை. மூளையில் நிணநீர்ப் புற்று உள்ளவர்களுக்கு, கீமோ மருந்து உள்ளே செல்வதற்காக மானிட்டால் செலுத்தித் தடுப்பைத் திறப்பதுண்டு. ஊலு நகர மருத்துவர்கள் அந்த நேரத்தில் ஈ.ஈ.ஜி. எடுத்தனர். அதன் நேர்மின்னோட்ட (டி.சி.) அடிக்கோடு, வழக்கமான அலைகளைவிடப் பல மடங்கு இடம்பெயர்ந்தது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே அழுத்த வேறுபாட்டைத் தாங்கும் தடுப்பு திறந்ததன் அடையாளம் அது.

நோயாளிகள் அறிய வேண்டியது

கசிவை அறிய இன்று எடுப்பது கடோலினியம் சாயத்துடன் கூடிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன்; தண்டுவட நீரின் அல்புமின் அளவையும் பார்ப்பார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சாயம் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை; ஸ்கேனைத் தினமும் எடுக்கவும் முடியாது. ஈ.ஈ.ஜி.யைப் படுக்கையருகிலேயே, ஊசியின்றி, எத்தனை முறையும் எடுக்கலாம். அதனால்தான் இவ்வாய்வுகள் இத்தனை முக்கியமானவை.

ஆனால் மெதுவான அலை கசிவுக்கு மட்டும் உரியதன்று. தூக்கக் கலக்கம், மயக்க மருந்து, தாழ்சர்க்கரை, ஈரல் செயலிழப்பு ஆகியவற்றிலும் அது வரும். அறிக்கையில் “மெதுவான அலை” என்ற சொல்லைக் கண்டு தடுப்பு உடைந்துவிட்டதென்று அஞ்சவோ, வலிப்பு மாத்திரையை நிறுத்தவோ கூடாது. பதிவின்போது நோயாளி விழித்திருந்தாரா, என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால்தான் அந்த அலைக்குச் சரியான பொருள் கிடைக்கும்.