கராஜில் ஓர் அணுக் கடிகாரம்

சாதாரண கைக்கடிகாரத்துக்குள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. கையில் கட்டியிருக்கும்வரை உடம்புச் சூட்டில் ஒழுங்காக நடந்துகொள்ளும். கழற்றிக் குளிர்ந்த மேசையில் போட்டால் கொஞ்சம் பின்தங்கும். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்னே பின்னே போனால் நாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறவர்கள் ஒரு சிறு கூட்டம். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஹாம் ரேடியோக்காரர்கள், கல்லூரிப் பையன்கள் எனப் பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். இவர்கள் நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், பேசுகிறவர்கள்.

இந்தப் பித்துக்குத் தீனி போட்டது செல்போன் கோபுரம்தான். சிடிஎம்ஏ முறையில் இயங்கிய கோபுரங்கள் எல்லாம் மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒரே நேரத்தைக் காட்டியாக வேண்டும். அதற்காக ஜிபிஎஸ் கட்டுப்பாட்டில் ஓடும் 10 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை அங்கே வைத்திருந்தார்கள். தொழில்நுட்பம் மாறியதும் அவை கழிவாக வெளியே வந்தன. ஹியூலெட் பேக்கார்டின் இசட்3801ஏ, டிரிம்பிளின் தண்டர்போல்ட், எஃப்இ-5680ஏ என்ற ருபிடியம் பெட்டி எல்லாம் புதுவிலையில் சிறு பங்குக்கு இணையச் சந்தையில் கிடைத்தன. ஒரு காலத்தில் அரசு ஆய்வகம் மட்டுமே வைத்திருந்த துல்லியம் இப்படித்தான் கராஜுக்குள் நுழைந்தது.

ஜிபிஎஸ் கட்டுப்பாட்டில் ஓடும் கருவிக்குள் நடக்கும் வேலை அழகானது. ஜிபிஎஸ் ஏற்பி விநாடிக்கு ஒரு துடிப்பைத் தரும். ஒவ்வொரு துடிப்பும் பத்து இருபது நானோ விநாடி முன்பின் தடுமாறினாலும், மாதக்கணக்கில் பார்த்தால் அது தடம் மாறாது. கருவிக்குள் இருக்கும் படிகத்தின் குணமோ நேர் எதிர். இந்த விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் இடையே அது பிசகுவதே இல்லை. ஆனால் நாள்போக்கில் மெல்ல நழுவும். குறுகிய காலத்துக்குப் படிகத்தையும் நீண்ட காலத்துக்குச் செயற்கைக்கோளையும் நம்புகிற மாதிரி இரண்டையும் பிணைத்துவிட்டால், எதுவும் தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்துவிடும். யாரை எப்போது நம்புவது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டுமே! அதை 1966இல் தந்தவர் அமெரிக்காவின் டேவிட் ஆலன். ஒரு கடிகாரம் எவ்வளவு நிலையானது என்று மொட்டையாகக் கேட்க முடியாது, எத்தனை நேரம் பார்க்கும்போது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை அவருடைய கணக்கு காட்டியது. இன்றும் இந்த ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் பெருமையாகக் காட்டிக்கொள்வது ஆலன் விலகல் வரைபடத்தைத்தான்.

வாங்கிவந்து செருகியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. நகைக்கடைத் தராசு காற்றுக்குப் பயந்து கண்ணாடிக்குள் இருப்பதைப் போல, நல்ல படிகம் ஏறக்குறைய 80 டிகிரியில் ஒரு குட்டி அடுப்புக்குள் வாழ்கிறது. அப்படியும் அறையின் ஏசி ஓடி நிற்பது வரைபடத்தில் அலையலையாகத் தெரியும். படிகத்தைத் தலைகீழாகப் புரட்டினால், புவியீர்ப்பு அதை வேறு பக்கமாக அழுத்துவதால் அதிர்வெண் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு மாறும். கேபிளுக்கும் பங்கு உண்டு. அதற்குள் மின் சைகை ஒரு நானோ விநாடியில் சுமார் 20 சென்டிமீட்டர்தான் நகரும் என்பதால், மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து 20 மீட்டர் கேபிள் இழுத்தால் 100 நானோ விநாடியைக் கழித்தாக வேண்டும். வெயில் ஏற ஏற அந்தக் கழிவும் இம்மியளவு மாறும். நேரத்தை அளக்கிறோம் என்று உட்கார்ந்தவர்கள் உண்மையில் அளப்பது வெப்பத்தையும் ஈர்ப்பையும் கேபிளையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிகாரம் துல்லியமாகத் துல்லியமாக, சுற்றியுள்ள எல்லாமே அதற்குள் புகுந்துவிடுகின்றன.

எது தவறு என்று கண்டுபிடிக்கவும் தனி வித்தை வேண்டும். இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் குற்றவாளி யார் என்று தெரியாது. மூன்றாவது வந்தால்தான் பஞ்சாயத்து நடக்கும். ஆகவே இந்த வீடுகளில் கடிகாரங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இந்தத் துல்லியப் படிக்கட்டின் மேல்தட்டில் சீசியம் இருக்கிறது. 1967 முதல் விநாடியின் இலக்கணமே சீசியம்-133 அணுதான்: அதன் கதிர்வீச்சின் 9,192,631,770 அலைகள் சேர்ந்தால் ஒரு விநாடி. பெட்டிக்குள் இருக்கும் சீசியம் குழாயோ ஓட ஓடத் தீரும். மாற்றுக் குழாயின் விலை மயக்கம் வரவைக்கும். அதனால் பழைய சீசியம் வைத்திருப்பவர்களில் பலர் அதை அணைத்தே வைத்து, தேவைப்படும்போது மட்டும் எழுப்புகிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் டாம் வான் பாக் என்ற ஆர்வலர் 2005 செப்டம்பரில் ஒரு காரியம் செய்தார். ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு அது நூறாம் ஆண்டு. தன் வேனில் மூன்று சீசியம் கடிகாரங்களையும், தடையில்லாமல் மின்சாரம் தர பேட்டரிகளையும், தன் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ரெய்னியர் மலைக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 1,650 மீட்டர் உயரத்தில் பாரடைஸ் என்ற இடத்தில் தங்கினார்கள். ஒரு மீட்டர் உயர்ந்தால் கடிகாரம் நூறு கோடி கோடியில் ஏறக்குறைய 1.1 பங்கு வேகமாக ஓடும் என்கிறது சார்பியல். அவர் வீட்டைவிட அந்த இடம் சுமார் 1,340 மீட்டர் உயரம். அங்கே இருந்தது ஏறக்குறைய 42 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 22 நானோ விநாடி வரும். திரும்பிவந்து வீட்டில் விட்டுப்போன கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, மலைக்குப் போனவை அதையொட்டியே முந்தியிருந்தன.

1971இல் ஹாஃபெல், கீட்டிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் அணுக் கடிகாரங்களோடு விமானத்தில் உலகைச் சுற்றிக் காட்டியதைத்தான் இவர் குடும்பச் சுற்றுலாவில் செய்தார். கருவியைவிடப் பெரிய விஷயம் அவருடைய பொறுமை. மூன்று கடிகாரங்களும் வீட்டில் சும்மா இருக்கும்போது எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் 22 நானோ விநாடி இரைச்சலில் கரைந்திருக்கும். பிள்ளைகளோடு மலையில் கூடுதலாகக் கிடைத்த நேரம் அது என்று அவர் கணக்குப் பார்த்ததும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆய்வகங்கள் அதற்குள் வெகுதூரம் போய்விட்டன. 2020இல் வெளியான ஜப்பானியர்களின் சோதனையில், டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் மேலேயும் ஒளியியல் கடிகாரங்களை வைத்து வித்தியாசத்தை அளந்தார்கள். 2022இல் கொலராடோவின் போல்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டார்கள். அந்த ரகக் கடிகாரங்களுக்கு லேசர்களும் வெற்றிடக் கலன்களும் வேண்டியிருக்கின்றன. அவை கழிவுச் சந்தைக்கு வர இன்னும் நாளாகும். வந்தால் வாங்க ஆள் தயார்.