பழைய சைக்கிளின் வயதும் பிறப்பிடமும் அறிவது எப்படி?

நம்மில் பலருடைய வியாபாரம் சைக்கிளில்தான் வளர்ந்தது. ராசிபுரத்து நெய் டின்னும், பரமத்தி வேலூர் வெற்றிலைக் கட்டும், முட்டை அட்டைகளும் கேரியரில் ஏறி நாமக்கல் கடைவீதிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அந்த வண்டிகளில் சில இன்றும் குடோன் மூலையிலும் மாடிப்படிக்கு அடியிலும் தூசி படிந்து கிடக்கின்றன.

இப்போது அவற்றைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் எடைக்குக் கேட்கிறார். இன்னொருவர், "லண்டன் வண்டி, நூறு வருஷம் ஆனது" என்று சொல்லி நம் தலையில் ஒன்றைக் கட்டப் பார்க்கிறார். விற்பவரானாலும் வாங்குபவரானாலும், சரக்கைத் தெரிந்துகொண்டுதான் விலை பேச வேண்டும். மிளகாயின் காம்பைப் பார்த்துத் தரம் சொல்லும் நமக்கு இது பெரிய வித்தை அல்ல.

பெயரை மட்டும் நம்பாதீர்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெயர் ஒன்றாக இருந்தாலும் பிறந்த ஊர் வேறாக இருக்கலாம் என்பதே. ராலே சைக்கிள் 1887 முதல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரோடு சேர்ந்த பெயர். ஆனால் 1950களில் வங்காளத்து ஆசன்சாலில் சென்-ராலே ஆலை இயங்கத் தொடங்கிய பின், ராலே, ஹம்பர், ரட்ஜ் வண்டிகள் அங்கேயும் தயாராயின. அந்த ஆலை 1980-ல் தேசியமயமாகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா என்று பெயர் மாறியது.

ஹெர்குலிஸ் கதையும் அதுவே. 1910-ல் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951 முதல் நம் நாட்டு ஹெர்குலிஸ் வெளிவந்தது. பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய ஆங்கிலப் பெயர்களும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தன. சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் (1951), லூதியானாவின் ஹீரோ (1956) ஆகியவை முழுக்க இந்தியப் பிறப்பு. ஆகவே, "ஹெர்குலிஸ் என்றாலே சீமை வண்டி" என்று யாராவது சொன்னால் சற்று நிதானிக்கவும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

1. முகப்புத் தகடு: ஹேண்டில்பாருக்குக் கீழே, பிரேமின் முன்பக்கத்தில் பதித்த பித்தளை அல்லது அலுமினியத் தகடு. அதில் நாட்டிங்ஹாம் அல்லது பர்மிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்கிறதா, இந்திய ஆலையின் பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிக்கவும். தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட முடியும் என்பதால், ஆணிகள் புதிதா என்றும் பார்க்கவும்.

2. பிரேம் எண்: சீட்டுக் கம்பி இறங்கும் இடம், கிராங்கு கூட்டின் அடிப்பக்கம், பின் அச்சு பூட்டும் இடம் இவற்றில் ஒன்றில் குத்தப்பட்டிருக்கும். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நின்று எண் தெரியும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிட முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறு. ஒரே கம்பெனியிலும் காலத்துக்குக் காலம் மாறியது.

3. பின் சக்கர ஹப்: மூன்று கியர் உள்ள வண்டியானால் நமக்கு யோகம். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல் ஆண்டே குத்தப்பட்டிருக்கும். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துக்களுடன் 54, 3 என்று இருந்தால் 1954 மார்ச் மாதம் செய்தது என்று பொருள். 1930களில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும்.

4. பல் சக்கரமும் போர்க்கும்: ராலேயின் பல் சக்கரத்தில் நாரை உருவம் வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜில் விரித்த கை இருக்கும். ஹம்பரின் முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் இருக்கும். இவை கம்பெனியைச் சொல்லும், நாட்டைச் சொல்லா.

5. முலாம்: 1930-ஐ ஒட்டிய காலத்துக்கு முன் நிக்கல் முலாமே வழக்கம். அது சற்று மஞ்சள் சாயல் உடையது. பின்னர் வந்த குரோமியம் நீலம் கலந்த பளபளப்பு உடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆங்கில வண்டிகளில் குரோமியத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால், பளபளக்க வேண்டிய பாகங்களுக்கும் கறுப்பு வர்ணமே பூசினார்கள்.

6. ஸ்போக்ஸ்: ஆங்கில வண்டியிலும் அதன் வழிவந்த நம் நாட்டு வண்டியிலும் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்பதே வழக்கம். இரண்டிலும் 36 இருந்தால் சக்கரம் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

நம் ஊர்ச் சான்றுகள்

கடைக்காரர் ஒட்டிய தகடும் பில்லும் நல்ல சாட்சிகள். தகட்டில் "நாமக்கல், சேலம் ஜில்லா" என்று இருந்தால் அது 1997 ஜனவரி 1-க்கு, அதாவது நாமக்கல் தனி மாவட்டம் ஆனதற்கு முந்தியது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. விலை அணாவில் எழுதியிருந்தால், 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உதிரிபாகத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அந்த முத்திரைக்கான சட்டம் வந்த 1952-க்கு முன் அது செய்யப்பட்டிருக்க வழியில்லை. நகராட்சி, பஞ்சாயத்து சைக்கிள் வரி வில்லையில் உள்ள ஆண்டு, வண்டி ஓடிய ஆண்டைச் சொல்லும். பிறந்த ஆண்டை அல்ல.

இந்தச் சான்றுகள் எப்படி ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் என்பதற்கு எங்கள் வீட்டு வண்டியே உதாரணம். சுதந்திரம் வந்த வருஷம் தாத்தா வாங்கிய லண்டன் ராலே என்று அதைச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். வெளியூரிலிருந்து ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். கொடுப்பதற்கு முன் முகப்புத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். சென்-ராலே என்று இருந்தது. பிறகு பழைய பேரேட்டைத் தேடி எடுத்தேன். ஓரம் செல்லரித்துப் போயிருந்தாலும், "ஜய வருஷம் ஆவணி, சைக்கிள் ஒன்று" என்ற வரி தெளிவாக இருந்தது. ஜய வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1894-லும் 2014-லும் கூட வந்தது. ஆனால் 1950களுக்கு முன் சென்-ராலே வண்டி இல்லை. 2014-ல் தாத்தாவே இல்லை. ஆகவே அது 1954 ஆவணி என்று முடிவாயிற்று.

வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். லண்டன் வண்டிக்குச் சொன்ன விலையை அவர் குறைத்தார். நான் விற்கவில்லை. நஷ்டம்தானே என்று வீட்டில் கேட்டார்கள். பொய்யான வயதைச் சொல்லி விற்றிருந்தால், தகட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் என்றாவது ஒருநாள் நம் கடைப் பெயரையும் சேர்த்துப் படித்திருப்பார்.

கவனிக்க வேண்டியவை

பழைய பாகம் ஒன்று இருப்பதால் வண்டி பழையதாகிவிடாது. 1938 ஹப்பை 1970 பிரேமில் மாட்டலாம். பிரேமின் வயதே வண்டியின் வயது. எனவே ஒரே அடையாளத்தை நம்பாமல், மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும்.

விலை தெரியும் வரை புது வர்ணம் அடிக்க வேண்டாம்; உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தங்கக் கோடும் எழுத்தும் போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். பருத்தித் துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தோல் சீட்டு, விளக்கு, பெல், ஹப் ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றிக் கொடுக்காதீர். எடைக்குக் கேட்பவர் பல நேரம் கண் வைப்பது இரும்பின் மேல் அல்ல, இவற்றின் மேல்தான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வண்டியை யார், எந்தக் கடையில், எப்போது வாங்கினார்கள் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பழைய பேரேடுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.