எஃகின் நீலப் போர்வை

மினுக்கிய எஃகுத் துண்டொன்றைக் குறட்டினால் பற்றிச் சுடரின் மேல் மெல்லச் சூடேற்றினால், முதலில் வைக்கோலின் மஞ்சள் தோன்றும், பின்னர் ஊதா, ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடில் மயிற்கழுத்தை ஒத்த நீலம் படரும். வகுப்பில் இதனைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். அந்த நீலம் சாயமன்று. எஃகின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி மெல்லிய படலமாகிறது. சோப்புக் குமிழியில் போலவே, ஒளியலைகள் அப்படலத்தில் ஒன்றோடொன்று மோதி வண்ணங்காட்டுகின்றன.

துப்பாக்கிக் குழலின் கருநீலமும் இத்தகைய ஆக்சைடுப் போர்வையே. செந்துரு இரும்பை அரித்துப் பொடியாய் உதிரும். இதுவோ காந்தக்கல்லின் இனத்தைச் சேர்ந்த கரிய ஆக்சைடு, உலோகத்தோடு ஒட்டி நிற்கும். இதனைத் தொழிற்சாலைகளில் காரச் சோடாவும் நைட்ரேட்டு உப்பும் கலந்த கரைசலை 140 பாகையளவில் கொதிக்கவைத்து உண்டாக்குவார்கள். இரட்டைக்குழல் துப்பாக்கிகளை மட்டும் அதில் இடமாட்டார்கள்; குழல்களை இணைக்கும் ஈயப்பற்றை அக்காரம் தின்றுவிடும். அவற்றை வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் இட்டு, செந்துரு கருமையானதும் தேய்த்தெடுப்பார்கள். பலநாள் வேலை, ஆனால் என்ன நேர்த்தி!

அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைகளில் இதனைச் செய்ய விரும்புவோர்க்கென 'குளிர் நீலம்' என்ற கரைசல் புட்டிகளில் விற்கப்படுகிறது. அடுப்பு வேண்டா, துணியில் தோய்த்துத் தடவினால் சில நொடிகளில் உலோகம் கறுக்கும். இங்கேதான் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியை இட்டால் செந்நிறத் தாமிரம் அதன்மேல் படிவதை நீங்கள் அறிவீர்கள். குளிர் நீலத்திலும் பெரும்பாலும் நடப்பது அதுவே. தாமிர உப்போடு செலீனியத்தின் அமிலமும் அதிலிருப்பதால் படிவது கரிய தாமிரச் செலினைடு. ஆக, வந்தது இரும்பின் ஆக்சைடன்று. மேலே ஒட்டிய வேறொரு பொருள். நிறம் ஒன்றாயினும் உறுதி ஒன்றன்று. உறையில் உராய்ந்தால் தேயும்; துருவைத் தடுக்கும் ஆற்றலும் குறைவு.

ஆகையால் ஒரு கீறலையோ, தேய்ந்த விளிம்பையோ, ஒரு திருகாணித் தலையையோ மறைக்க இது தக்கது என்பேன்; முழுத் துப்பாக்கிக்கு வேண்டா. சிறிய இடத்திற்கும் செங்குத்தான பகுதிக்கும் வழியாத கூழ் வகை நன்று. சற்றுப் பெரிய பரப்பிற்கு நீர்வகை. குரோமியம் மிகுந்த துருவேறா எஃகில் சாதாரணக் கரைசல் பற்றாது. அலுமினியத்திற்கு வேறு கரைசலே உண்டு. எது எந்த உலோகத்திற்கென்று புட்டியின் மேல் படித்த பின்னரே வாங்கவேண்டும். வாங்கியபின் கண்ணிற்படாத மூலையில் சிறிது தடவிப் பார்க்கவேண்டும்.

விளைவில் பாதி, புட்டியைத் திறக்குமுன்னரே முடிவாகிவிடுகிறது. பழந்துருவும் எண்ணெய்ப் பசையும் முற்றும் நீங்கவேண்டும். ஒரு விரல்ரேகை போதும், அவ்விடம் திட்டாக நிற்கும். உலோகத்தைக் கை பொறுக்குஞ் சூட்டிற்குக் கொணர்ந்து மெல்லத் தடவி, நீரிற் கழுவி, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சினால் தேய்த்து, மீண்டும் தடவவேண்டும். இறுதியில் அமிலம் எஞ்சாமல் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசாவிடில் மறுநாளே செந்துரு எட்டிப் பார்க்கும்.

நூறாண்டுப் பழமையுள்ள துப்பாக்கியாயின் தொடாதிருப்பதே நன்று. அதன் மங்கிய பழைய பூச்சைச் சுரண்டிப் புதுநீலம் ஏற்றினால், பழம்பொருள் சேர்ப்போர் அதன் மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடுவார்கள்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். வேதியியலைக் காண விரும்பும் மாணவர்க்குப் பழைய திருப்புளி ஒன்று போதும். ஆனால் ஆசிரியர் உடனிருக்கவேண்டும். செலீனியச் சேர்மங்கள் நஞ்சு; தோல்வழியும் உட்செல்லும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். எஞ்சிய கரைசலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மீன்களுக்கும் அது நஞ்சு. மூடியிட்டு, பெயரெழுதி, ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.