பெயர்ப்பலகை இல்லாத தொழில்

கொச்சங்காடி போன்ற பேட்டைகளில் இளைஞர்களுக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் தேவை. ஆனால் அந்த ஊழியர்களின் வேலையே தவணை முறையில்தான்.

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை என்பது கூட்டத்துக்குள் வீசப்படும் பொருளாக இருந்தது. சரக்கேற்றும் கான்ட்ராக்டரின் ஆள் உலோக வில்லைகளை அள்ளி எறிவார். 'சாப்பா' என்று அதற்குப் பெயர். முண்டியடித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அதைப் பிடித்தவனுக்கு அன்று கூலி உண்டு. பிடிக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இந்த முறையை எதிர்த்து 1953-ல் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவர் உயிரிழந்தனர். 1959-ல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்களுக்கான வேலை ஒழுங்குமுறைத் திட்டம் வந்தது. அதன் பிறகுதான் சாப்பா மெல்ல மறைந்தது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவியின் இயக்கத்தில் 2023-ல் 'துறமுகம்' என்ற படமாகவும் வந்தது.

வில்லைகள் போய்விட்டன. ஆனால் நாளை வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்கும் நிலை வேறொரு தொழிலில் தொடர்கிறது. அது இளைஞர் மேம்பாட்டுப் பணி. பள்ளியை விட்டவன், பட்டம் வாங்கியும் வீட்டில் முடங்கியவள், போதைக்குப் பழகியவன் ஆகியோரோடு மாதக்கணக்கில் பழகி அவர்களை நிமிர்த்தும் வேலை. அதைச் செய்பவர்களில் பலர், திட்டம் முடிந்தால் தாங்களும் மூட்டை கட்ட வேண்டியவர்கள்.

பல மொழி, ஒரே கவலை

மட்டாஞ்சேரியின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று கொச்சங்காடி. 1344-ல் இங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. கட்டடம் அழிந்துவிட்டது. கல் மட்டும் யூதத் தெருவில் உள்ள பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவரில் இருக்கிறது. செப்புக் கூரையால் பெயர் பெற்ற செம்பிட்ட பள்ளிவாசலும் கொச்சங்காடியில்தான். காயல்பட்டினத்திலிருந்து வந்த நைனா குடும்பங்களோடு அந்தப் பள்ளிவாசலைச் சேர்த்துப் பேசுவது இங்கு வழக்கம்.

சுற்று வட்டாரத்தில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் என்று பல மொழிகள் காதில் விழும். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் உள்ள சலவைக்கூடத்தில் துணி துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மொழி பலவானாலும் வீட்டுக் கவலை ஒன்றுதான். அடுத்த தலைமுறைக்கு என்ன வேலை? துறைமுகம் முன்போலத் தோள்களைக் கேட்பதில்லை. 2011-ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் வந்தபின் கிரேன்களே தூக்கி இறக்குகின்றன. 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலேயால் பழைய சரக்குக் கிடங்குகள் சில கலைக்கூடங்களாயின. சுற்றுலா சில வேலைகளைக் கொடுத்தது. அவையும் பெரும்பாலும் சீசன் வேலைகள்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24-ல் கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையிலானோரிடையே வேலையின்மை 29.9 சதவீதம். நாடு முழுவதும் அது 10.2 சதவீதம்தான். கேரளத்து இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 47.1 சதவீதம். படிப்பறிவில் முதலிடம் என்று பெருமைப்படும் மாநிலத்தில், வேலை தேடும் இளம் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை இல்லை.

மாலையில் தொடங்கும் வேலை

இளைஞர் பணியாளர் என்ன செய்கிறார்? பலருக்கும் தெரியாது. பேச்சுப் போட்டி நடத்துபவர், கால்பந்துக் கோப்பை கொடுப்பவர் என்ற அளவில்தான் மனதில் படம் ஓடும். உண்மையில் அவருடைய வேலை மற்றவர்களின் அலுவலகம் மூடும் நேரத்தில் தொடங்குகிறது. மைதானம், டீக்கடை, படகுத்துறை. பையன்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே அவர் போக வேண்டும். முதல் சில வாரங்கள் அறிவுரை சொல்லாமல் இருப்பதே பெரிய வேலை. பெயர் தெரிந்து, வீடு தெரிந்து, யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரிந்த பிறகுதான் ஒருவன் வாய் திறப்பான்.

2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து கொச்சிக்கு வந்தபோது, ஃபோர்ட் கொச்சியின் பரேட் மைதானமும் வெளி மைதானமும் பயிற்சிக்காகச் சீரமைக்கப்பட்டன. பந்து, பையன்களை ஒன்றுகூட்டும். விளையாட்டு முடிந்த பிறகு யார் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று கவனிக்க ஒரு ஆள் வேண்டும். மைதானத்துக்கு வராத பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போகவும் அதே ஆள்தான் வேண்டும்.

பேசத் தொடங்கிய பிறகு வருபவை நுணுக்கமான வேலைகள். ஓர் உதாரணம்: பத்தாம் வகுப்பு தேறாதவனின் பாஸ்போர்ட்டில், வேறு விலக்கு இல்லாத பட்சத்தில், 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு வரும். அப்படியானால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும். இடைத்தரகர்கள் நுழைவது இந்த இடத்தில்தான். கேரள எழுத்தறிவு இயக்கம் 17 வயது நிறைந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு நடத்துகிறது. பள்ளியை விட்ட ஒருவனை அந்தத் தேர்வுக்கு உட்கார வைத்துவிட்டால் அவன் பாஸ்போர்ட்டும் மாறும், தரகரிடம் அவன் பேசும் தொனியும் மாறும். ஆனால் அவமானப்பட்டு வெளியேறியவனை மறுபடி புத்தகத்தைத் தொட வைக்க ஒரு நோட்டீஸ் போதாது.

இன்னொரு சிக்கல், ரகசியம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை. எனவே 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பயிற்சி பெற்ற பணியாளர் வாக்குக் கொடுப்பதில்லை. எதைச் சொல்ல நேரிடும், எதைச் சொல்ல மாட்டேன் என்று முன்னதாகவே விளக்கிவிடுவார். நல்ல மனசு மட்டும் உள்ள தொண்டருக்கும் தொழில் கற்றவருக்கும் உள்ள வித்தியாசம் இது போன்ற இடத்தில்தான் தெரியும்.

கல்லூரியும் இல்லை, கிராமமும் இல்லை

அரசு சும்மா இருக்கவில்லை. கல்லூரி மாணவர்களுக்காக 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கல்லூரிக்குப் போகாத கிராமத்து இளைஞர்களுக்காக 1972-ல் நேரு யுவ கேந்திரங்கள் தொடங்கின. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேரளம் 2010-ல் மாணவர் போலீஸ் படையைத் தந்தது. மது, போதைக்கு எதிராக 2016-ல் 'விமுக்தி' வந்தது. 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்காக 2021-ல் குடும்பஸ்ரீ துணைக் குழுக்களை அமைத்தது.

இந்தப் பட்டியலில் கொச்சங்காடியின் இருபது வயதுப் பையன் எங்கே வருகிறான்? பள்ளியில் இல்லை. கல்லூரியில் இல்லை. கிராமத்திலும் இல்லை. போதையில் மாட்டினால் ஒரு துறை அவனைத் தேடி வரும். மாட்டாதவரை அவனைத் தேடி வருவது யாருடைய வேலையும் இல்லை.

கணக்கும் உதவவில்லை. மாவட்டத்துக்கு ஓர் இளைஞர் அதிகாரி என்பதே நேரு யுவ கேந்திரங்களின் அமைப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எர்ணாகுளம் மாவட்டத்தில் 32.8 லட்சம் பேர். ஐந்தில் ஒரு பங்கினர் இளைஞர்கள் என்று வைத்தாலும் ஆறரை லட்சம். அதிகாரிக்குக் கீழே களத்தில் நின்றவர்கள் தேசிய இளைஞர் தொண்டர்கள். வட்டாரத்துக்கு இருவர். மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அதிகபட்சம் இரண்டு வருடம். இளைஞர்களின் வேலையின்மையைத் தீர்க்க அனுப்பப்பட்டவர்கள், இரண்டு வருடம் கழித்துத் தாங்களே வேலை தேடினார்கள்.

யார் இளைஞர் என்பதிலும் குழப்பம். 1988-ம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 35 வயது வரை என்றது. 2003-ம் ஆண்டின் கொள்கை 13 முதல் 35 என்றது. 2014-ல் அது 15 முதல் 29 என்று சுருங்கியது. முப்பது வயதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லாதவர்கள் ஒரே கையெழுத்தில் இளமையை இழந்தார்கள்.

2023 அக்டோபர் 31 அன்று 'மேரா யுவ பாரத்' என்ற புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. கணினித் தளத்தில் பதிவு செய்துகொண்டு தொண்டு வாய்ப்புகளைத் தேடிக்கொள்ளலாம். துடிப்புள்ளவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் பதிவு செய்யத் தோன்றாதவனுக்குத்தான் ஆள் தேவை.

படிப்பு உண்டு, பதவி இல்லை

இது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் என்பதை உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1960-ல் வந்த ஆல்பமார்ல் அறிக்கையின் விளைவாக லெஸ்டர் நகரில் இளைஞர் தலைவர்களுக்கென்றே பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. மால்டா 2014-ல் இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. வேல்ஸில் 2017 முதல் தகுதி பெற்ற இளைஞர் பணியாளர்கள் ஆசிரியர்களைப் போலவே ஒரு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கும் எல்லாம் சுகமில்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இளைஞர் சேவைக்குச் செலவிடும் தொகை 2010-க்குப் பின் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டப்பட்டுவிட்டது. நிதி நெருக்கடி வந்தால் முதலில் கத்தி விழுவது இந்தத் தலையில்தான்.

இந்தியாவும் பின்தங்கித் தொடங்கவில்லை. காமன்வெல்த் இளைஞர் திட்டத்தின் ஆசிய மையம் 1975-ல் சண்டிகரில் அமைந்தது. இளைஞர் மேம்பாட்டுப் பணியில் டிப்ளமோ வகுப்பு நடத்திய அந்த மையம் 2014-ல் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993-ல் தொடங்கியது. 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி பெற்றது. முதுகலைப் படிப்புகள் அங்கே உண்டு.

படித்து முடித்த பிறகு? ஆசிரியர் படிப்பு முடித்தவருக்குப் பள்ளியில் ஒரு பதவி உண்டு. நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் உண்டு. இளைஞர் பணி படித்தவருக்கு மாநகராட்சியில் 'இளைஞர் பணியாளர்' என்று ஒரு நாற்காலி கிடையாது. தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்தம், அரசுத் திட்டத்தின் தற்காலிக நியமனம், இல்லாவிட்டால் வேறு தொழில். கல்யாணப் பேச்சில் 'பையன் என்ன செய்கிறார்?' என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத வேலை.

ஆள் மாறினால்

இதனால் நஷ்டம் ஊழியருக்கு மட்டுமில்லை. சாலை போடும் திட்டத்தில் பாதியில் என்ஜினீயர் மாறினால் வரைபடம் மிஞ்சும். இளைஞர் பணியில் வரைபடம் ஒருவருடைய மனதில் இருக்கிறது. எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்தப் பெண் படிப்பை நிறுத்த நெருக்கப்படுகிறாள், யார் மருந்து விற்பவனுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பதெல்லாம் கோப்பில் எழுதப்படுவதில்லை, எழுதவும் கூடாது. ஊழியர் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவரிடம் பையன் மறுபடி தன் கதையைச் சொல்வானா? பெரியவர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் அவன். இன்னொருவரும் போய்விட்டார் என்பதையே பாடமாக எடுத்துக்கொள்வான்.

இதற்கு மருந்து பெரிய செலவு பிடிக்கும் ஒன்றல்ல. சில வார்டுகளுக்குச் சேர்த்து ஒரு நிரந்தரப் பணியாளர். அதில் பாதிப் பேர் பெண்கள். அலுவலக நேரம் மாலையும் இரவும். உட்கார்ந்து பேச, வாசலில் எந்தக் கட்சிக் கொடியும் இல்லாத ஓர் அறை. எத்தனை முகாம் நடத்தினார் என்று கேட்காமல், மூன்று வருடம் கழித்தும் எத்தனை பேர் அவரைத் தேடி வருகிறார்கள் என்று பார்க்கும் மேலதிகாரி. நூலகர், அங்கன்வாடி ஊழியர், கிராம நிர்வாக அதிகாரி என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு காலத்தில் புதிதாகப் பதவி உருவாக்கிய நாடுதான் இது.

மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் 1953-ல் பிரமாதமாக எதையும் கேட்டுவிடவில்லை. நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதியைக் கேட்டார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்குத் துணை நிற்க வருபவர் கேட்பதும் அதையேதான். அது கிடைக்காதவரை, 'அடுத்த வருஷமும் நீங்கள் இங்கே இருப்பீர்களா?' என்று ஒரு பையன் கேட்டால் அவரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.