வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நிலத்தடி நீர் மாசு இடர் மதிப்பீடு

நிலத்தடி நீர் மாசு இடர் மதிப்பீடு என்பது மலக்குழி, குப்பைக் கிடங்கு, உரமிட்ட வயல், தொழிற்சாலை போன்றவற்றிலிருந்து கசியும் பொருள் அருகிலுள்ள கிணற்றையோ நீர்நிலையையோ சென்றடையுமா, எத்தனை நாளில் சென்றடையும் எனக் கணிப்பதாகும். புதுச்சேரிப் பகுதியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூரிலும் பாகூரிலும் குடிநீரும் பாசன நீரும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுவதால் இக்கணிப்பு இங்கு முதன்மை பெறுகிறது.

நிலவியல் அமைப்பு

இப்பகுதியில் மேலே ஆற்று வண்டலும், அதன் கீழ் கடலூர் மணற்கல்லும், மேலும் ஆழத்தில் கிரீத்தேசியக் காலத்து வானூர் மணற்கல் முதலிய அடுக்குகளும் உள்ளன. களிமண் அடுக்குகள் இவற்றை ஆங்காங்கே பிரிக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்ட ஆர்ட்டீசியன் கிணறுகளில் நீர் தானாகவே பொங்கி வழிந்தது. அப்போது ஆழ் அடுக்கின் அழுத்தம் மேல்நோக்கி இருந்ததால் மேற்பரப்பு மாசு கீழிறங்க இயலவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி அழுத்தம் குறைந்த இடங்களில் ஓட்டத்தின் திசை கீழ்நோக்கித் திரும்பும். உறைக்குழாய் துருப்பிடித்த, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு களிமண் அடுக்கைக் கடந்து செல்லும் குறுக்குவழியாகிவிடுகிறது.

பயண காலம்

மாசு மூலத்திற்கும் கிணற்றிற்கும் இடையேயுள்ள தொலைவை மட்டும் பார்ப்பது போதாது. நீரின் வேகம் மண்ணின் நீர் கடத்துதிறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நுண்துளை விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கடத்துதிறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், சரிவு 500க்கு 1, நுண்துளை விகிதம் 0.2 எனக் கொண்டால் வேகம் நாளொன்றுக்கு 0.1 மீட்டர். கிணற்று நீரில் நோய்க்கிருமிகள் அழிவதற்கென செருமனியில் 50 நாள் பயண காலம் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் இந்த நீர் 5 மீட்டரே நகரும். ஆனால் மின்மோட்டார் நீரை இறைக்கும்போது அருகில் சரிவு 50க்கு 1 ஆக உயர்ந்தால், அதே 50 நாளில் 50 மீட்டர் நகர்ந்துவிடும். கயிறும் வாளியுமாக இருந்த காலத்தில் பாதுகாப்பாயிருந்த கிணறு, மோட்டார் பொருத்திய பின் மாசடைவது இதனாலேயே.

நைட்ரேட்டிற்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அது காற்றுள்ள மணலில் எளிதில் சிதைவதில்லை.

ஆறுகளும் ஏரிகளும்

சங்கராபரணி, தென்பெண்ணை ஆகிய ஆறுகளும் ஊசுடு, பாகூர் ஏரிகளும் நிலத்தடி நீருடன் தொடர்புடையவை. நீர்மட்டம் ஆற்றை விட உயரமாயிருந்தால் கிணற்றுப்பக்கத்து மாசு ஆற்றுக்குச் செல்லும். தாழ்ந்தால் ஆற்று நீர் கிணற்றுக்கு வரும். கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் அது உவர்நீராக இருக்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீட்டர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன்-எர்சுபெர்க் விதி. எனவே மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உவர்நீர் வெகுவாக மேலேறும்.

மதிப்பிடும் முறை

1987இல் அமெரிக்காவில் வெளியான டிராஸ்டிக் முறை நீர்மட்ட ஆழம், நீர்செறிவு, மண், சரிவு உட்பட ஏழு காரணிகளுக்கு மதிப்பெண் இடுகிறது. இது வரைபடத்திற்கு ஏற்றது. தனியொரு கிணற்றின் நிலையை அது கூறாது. அதற்கு நீர்ச் சோதனையே வழி. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லையெனில் 1000 வரை. நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து உயர்ந்தால் மலக்குழிக் கசிவையும், குளோரைடு மட்டும் உயர்ந்தால் உவர்நீரையும் முதலில் ஐயுறலாம். மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தல் வேண்டும்.