நவிரமலை ஏறுவார்க்கு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்பூதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே அமைந்த ஊர் சுங்குவார்சத்திரம். ஏரியும் கழனியுமாகப் பரந்த இச்சமவெளியில் இன்று தொழிற்சாலைகள் பல நிறைந்துள்ளன. பற்பல மாவட்டங்களினின்றும் மாநிலங்களினின்றும் வந்த இளைஞர் அவற்றில் முறைவைத்து இரவும் பகலும் உழைக்கின்றனர். ஓய்வுநாளில் நண்பர் நால்வர் கூடினால், ஒரு மலையேறி வரலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

அத்தகையோர் நாடிச் செல்லும் மலைகளுள் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை. ஏறத்தாழ 4,500 அடி உயரமுடையது. உச்சியில் மல்லிகார்சுனர் திருக்கோயில் உள்ளது. கடலாடியிலிருந்தும் தென்மாதிமங்கலத்திலிருந்தும் வழிகள் உண்டு. தொடக்கத்திலுள்ள படிகளைக் கண்டு, ‘இவ்வளவுதானா!’ என்று எண்ணுவோர், மேலே செங்குத்துப் பாறையில் அறையப்பட்ட கடப்பாறைகளின்மேல் அடிவைத்து ஏறும்போது வாய் திறவார்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் நவிரமலை இதுவே என்பர். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், பெறாதார்க்கு வழிகூறும் ஆற்றுப்படையாகும். வள்ளலின் புகழோடு அது நின்றுவிடவில்லை. வழியின் இடர்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருளில் தோன்றா. ஆதலின் விடிந்தபின் செல்க என்கின்றது. வழுக்கும் இடங்களில் பற்றுக்கோடு கொண்டு, சிறுவரோடு ஒருவரையொருவர் காத்துச் செல்லச் சொல்கின்றது. இரவு வந்தால் நடவாது, குகையில் தங்கச் சொல்கின்றது. மலைப்பயணத்திற்குத் திட்டம் வகுப்போர் இதனைப் பழம்பாட்டென்று ஒதுக்கவேண்டுவதில்லை. பொறிகள் மறைந்தன, இருளும் வழுக்கலும் மறையவில்லை.

திட்டத்தின் முதற்கூறு காலக்கணக்கு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்சுமித் என்பார் 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதனோடு, ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். ஐந்து கிலோமீட்டர் வழியும் 3,000 அடி ஏற்றமும் உடைய மலைக்கு இரண்டரை மணி நேரம் வரும். ஆயின், இக்கணக்கு பழகிய கால்களுக்கே பொருந்தும். நாள்முழுதும் எந்திரத்தின் முன் நின்று வேலை செய்பவர் அதனை இரட்டித்துக்கொள்வதே அறிவுடைமை. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் புறப்பட்டால் பதினொரு மணிக்கு உச்சி. எங்கே நின்றாலும் நண்பகலில் திரும்புவது என்று முன்னரே முடிவு செய்தல் வேண்டும். உச்சி கண்ணுக்கெதிரே தெரியும்போது அம்முடிவைச் செய்ய எவராலும் இயலாது.

இரவு முறை முடித்து, உறங்காமல் வண்டியேறி, அப்படியே மலையேறுவாரும் உளர். இது வீரமன்று. உறக்கமிழந்த கால் பிடி தவறும், நெஞ்சும் தளரும். இதயநோயும் மூச்சிரைப்பும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது.

ஒருவர்க்கு மூன்று லிட்டர் நீரேனும் வேண்டும். அதன் எடை மூன்று கிலோ; ஆதலால் வேறு சுமையைக் குறைத்துக்கொள்க. வியர்வையோடு உப்பும் கழிவதால், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு நன்று. கைவிளக்கு ஒன்று, பிடிப்புள்ள காலணி, எளிய உணவு இவை போதும். உணவுப் பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்பவர் குரங்குகளுக்கு விருந்தளிப்பவரே ஆவர்.

பருவத்தை அறியாது செல்வதே பெருந்தவறு. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்திற்குச் சென்றோருள் 23 பேர் உயிரிழந்தனர். அஃது உலர்ந்த புல் நிறைந்த சரிவு. தீயின் வெப்பம் மேல்நோக்கி எழுந்து மேலுள்ள புல்லை முன்னரே காய்ச்சிவிடுவதால், சரிவில் தீ சமவெளியினும் விரைந்து ஏறும்; மனிதன் ஏறி அதனை வெல்ல முடியாது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. ஆதலின், வழி திறந்துள்ளதா, இசைவு வேண்டுமா என்பவற்றை வனத்துறையினரிடம் முன்னரே கேட்டறிதல் கடமை. மழைக்காலத்தில் வேறோர் இடர் உண்டு. மேலே பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே ஓடையைப் பெருக்கிவிடும். கலங்கிய நீர் இரைந்து வருமாயின் அதில் இறங்காது கரையிலேயே காத்திருத்தல் வேண்டும்.

செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலோ விடுதியிலோ ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. மலையில் கைப்பேசி எல்லா இடத்தும் பேசாது.

இறக்கம் எளிதென்பது சமவெளியார் எண்ணம். களைத்த முழங்கால் ஒவ்வோர் அடியிலும் உடலின் முழுப் பாரத்தைத் தாங்குவது அப்போதுதான். கடப்பாறைப் படியில் கீழ்ப்படி கண்ணுக்குத் தெரியாததும் அப்போதுதான். எனவே மெல்ல நடப்பவரை முன்விட்டு, வலியவர் பின் வருதல் வேண்டும். நண்பகலில் திரும்பியோர் மாலை நான்கைந்து மணிக்குள் அடிவாரம் சேர்வர். இரவு பத்து மணிக்குள் சுங்குவார்சத்திரம் வந்து உறங்கி, மறுநாட் காலை முறைக்கு எழுவர்.